நட்சத்திரம் ஒரு பக்கமாக வால் நீட்டினால்...

கேள்வி: 80 மி.மீ. விட்டம், 900 மி.மீ. குவியத் தூரம் கொண்ட இரட்டை லென்ஸை பிவிசி குழாயில் பொருத்தித் தொலைநோக்கி செய்திருக்கிறேன். 40 மடங்கில் நிலா அருமை. 150 மடங்குக்குப் போனால் எல்லா நட்சத்திரமும் ஒரே பக்கம் வால் நீட்டுகிறது. லென்ஸ் மோசமா?

பதில்: லென்ஸ் மேல் பழி போட அவசரப்படாதீர்கள். ஒரே பக்கம் வால் நீண்டால் பெரும்பாலும் லென்ஸ் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். முதலில், ஒளியைத் திருப்பும் கண்ணாடி ஏதாவது மாட்டியிருந்தால் கழற்றிவிட்டு நேராகப் பாருங்கள். வால் போய்விட்டால் கோளாறு அதில்தான்.

போகவில்லையா? அப்போதும் லென்ஸைத் தொட வேண்டாம், ஃபோகஸரில் (கண் வைக்கும் லென்ஸைப் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்தும் பாகம்) தொடங்குங்கள். வரிசை மாறினால் ஒரு கோணலை இன்னொரு கோணலால் மறைத்துக்கொண்டிருப்பீர்கள். வீட்டில் செய்த கருவிகளில் நான் முதலில் சந்தேகப்படுவது, ஃபோகஸர் உட்காரும் பக்கத்தில் குழாயை அறுத்த விளிம்பைத்தான். 90 மி.மீ. அகலக் குழாயின் விளிம்பு ஒரு பக்கம் வெறும் 1 மி.மீ. தாழ்ந்தாலே, 900 மி.மீ. தள்ளி இருக்கும் லென்ஸின் மையத்தை ஃபோகஸர் 1 செ.மீ. தவறவிடும். நேர் விளிம்புள்ள தாளைக் குழாயைச் சுற்றி இறுக்குங்கள். தாளின் ஓரங்கள் ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்கார்ந்ததும் அதை ஒட்டிக் கோடு போட்டு, அந்தக் கோடு வரை அரத்தால் ராவுங்கள். அப்புறம் லென்ஸ் இருக்கும் இடத்தில் மையம் குறித்த தாள் வட்டத்தை வைத்து, ஃபோகஸரிலிருந்து லேசர் அடித்துப் பாருங்கள். லேசரை அதன் இடத்திலேயே சுழற்றும்போது புள்ளியும் வட்டமடித்தால் லேசரே கோணல். அந்த வட்டத்தின் நடுவைக் கணக்கில் எடுங்கள்.

இனி லென்ஸ். முன்பக்கத்தைக் கறுப்பு மூடியால் அடையுங்கள். ஒரு சின்னக் குழாயில் நடுவே துளையிட்ட வெள்ளை அட்டையை 45 பாகை சாய்வில் ஒட்டி ஃபோகஸரில் செருகி, பக்கவாட்டுத் திறப்பு வழியாக அட்டை மேல் டார்ச் அடித்து, துளையில் கண் வையுங்கள். லென்ஸின் பரப்புகள் ஒவ்வொன்றும் அட்டையின் ஒளியைத் திருப்பி அனுப்பும். அந்தப் பிம்பங்கள் விலகி நின்றால் லென்ஸ் சாய்ந்திருக்கிறது. லென்ஸ் கூட்டின் திருகுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, எல்லாம் ஒரே மையத்தில் அடுக்கி நிற்கும்படி செய்யுங்கள். திருகு இல்லாத கூடு என்றால் ஒரு பக்கம் மெல்லிய தாள் துண்டு வைத்தாலே போதும்.

கடைசியாக, உச்சிக்கு அருகே உள்ள நட்சத்திரத்தைப் பார்வையின் நடுவில் வைத்து, ஃபோகஸை லேசாகக் கலைத்துப் பாருங்கள். வளையங்கள் ஒரே மையத்தில் இருந்தால் வேலை முடிந்தது. முக்கோணமாகத் தெரிந்தால் லென்ஸைப் பிடிக்கும் வளையம் இறுகிப்போயிருக்கிறது, சற்றுத் தளர்த்துங்கள். பிரகாசமான நட்சத்திரங்களைச் சுற்றி மெல்லிய ஊதா நிறம் மட்டும் இருக்கத்தான் செய்யும். அது இரட்டை லென்ஸின் இயல்பு, எந்தத் திருகாலும் போகாது.