'பார்க்கவில்லை' என்று எழுதியிருக்கிறதே!

கேள்வி: இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்று ஒரு பழைய அலுவலகக் கட்டிடம் வாங்கினேன். விற்றவர் தந்த ஆஸ்பெஸ்டாஸ் ஆய்வறிக்கையில் கூரை ஷீட் மட்டும்தான் குறிப்பிடப்பட்டிருந்தது. அதை முறைப்படி கழற்றினோம். இடிக்கத் தொடங்கிய மூன்றாம் நாள் தரைத்தளக் குழாய் டக்டை (குழாய்கள் போகும் மூடிய அடைப்பை) உடைத்தால், குழாயைச் சுற்றிப் பொடிப்பொடியாக உதிரும் உறை. கான்ட்ராக்டர் வேலையை நிறுத்திவிட்டு, சும்மா நிற்கும் ஆட்களுக்கும் இயந்திரத்துக்கும் பணம் கேட்கிறார். விற்றவரும் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து ஏமாற்றிவிட்டார்கள். வழக்குப் போடலாமா?

பதில்: விற்றவர் போனை எடுப்பதில்லை என்பதற்கே இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அதை விடுங்கள். அந்த ஆய்வு எதற்காகச் செய்யப்பட்டது என்பதுதான் கேள்வி. ஆட்கள் புழங்கும் கட்டிடத்தில் பராமரிப்புக்காகச் செய்யும் ஆய்வு வேறு. அதில் கைக்கு எட்டியதைத்தான் பார்ப்பார்கள். இடிப்புக்கு முந்தைய ஆய்வில் சுவரைத் துளைப்பார்கள், பொய்க்கூரையைப் பிரிப்பார்கள், தரை ஓட்டைப் பெயர்ப்பார்கள். உங்களிடம் இருப்பது முதல் வகை. போதாததற்கு, பின்னிணைப்பில் ஒரு வரி: 'தரைத்தளக் குழாய் டக்ட்: பூட்டியிருந்தது, பார்க்கவில்லை, ஆஸ்பெஸ்டாஸ் இருப்பதாகவே கொள்ளவும்.' இதை வைத்துக்கொண்டு ஏமாற்றுதல் என்று வழக்காட முடியாது. இடிப்பது உங்கள் முடிவு. அதற்கான ஆய்வும் உங்கள் தலையில்தான்.

எனக்குக் கவலை வேறு. கடிதத்தின் கடைசியில், 'மிச்சத்தை நனைத்து அள்ளிவிடச் சொல்லிவிட்டேன்' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். இன்றே நிறுத்துங்கள். சிமென்ட் ஷீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் நார் இறுகிக் கிடக்கும். குழாய் உறையில் அப்படியில்லை, தொட்டாலே பறக்கும். இப்படி உதிரும் காப்புப் பொருள் உள்ள கட்டிடத்தை இடிப்பதையே தகுதி பெற்றவர்கள்தான் செய்ய வேண்டும், முன்கூட்டியே வேலைத்திட்டம் வேண்டும் என்கிறது 1986ஆம் ஆண்டின் சர்வதேசத் தொழிலாளர் உடன்படிக்கை 162, பிரிவு 17.

இதே நிலையில் என்னிடம் வந்த ஒருவர், கான்ட்ராக்டருக்கு ஒரே ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தார்: 'யாருக்கும் தெரியவேண்டாம், லாரியில் ஏற்றிவிடுங்கள்.' அதுவரை பணத் தகராறாக இருந்தது, அப்புறம் அவர்மேல் குற்ற வழக்கானது. உறையை நல்ல செங்கல் குவியலோடு கலந்துவிட்டதால், முழுக் குவியலையும் அபாயக் கழிவாகவே அகற்ற வேண்டிவந்தது. மிச்சம் பிடிக்கப் பார்த்த பணத்தைப்போலப் பல மடங்கு போனது.

அந்த மூன்று நாள் வேலை செய்தவர்களின் பெயர்ப் பட்டியல், படங்கள், அறிக்கை எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். கான்ட்ராக்டரிடமும் ஒரு பிரதி இருக்கும். உங்களிடம் இல்லாவிட்டால் அவர் சொல்வதுதான் கணக்கு. இந்த நாரால் வரும் நுரையீரல் உறைப் புற்றுநோய் தலைகாட்டவே இருபது, முப்பது ஆண்டுகள் ஆகும். கேள்வியும் அப்போதுதான் வரும்.

கான்ட்ராக்டரோடு சமரசம் செய்துகொள்ளுங்கள். வேலையை நிறுத்தியது சரி, அதற்காக அவரைக் குறை சொல்லி நோட்டீஸ் விட்டால் உங்களுக்கு எதிரான முதல் சாட்சி அவர்தான். நின்ற நாட்களின் கூலியில் பேரம் பேசலாம். இயந்திர வாடகைக்கு ரசீது கேளுங்கள். ஆனால் 'தொழிலாளர் உடல்நலம் குறித்த எல்லாப் பொறுப்பும் உரிமையாளருக்கே' என்ற வாசகம் சமரச ஒப்பந்தத்தில் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். அதை எடுத்துவிட்டால், அவர் கேட்கும் தொகையில் கொஞ்சம் கூடுதலாகவே கொடுத்துவிடலாம்.