கேள்வி – பதில்: வாள்வீச்சில் ஒரே கோப்பை

கேள்வி: எங்கள் பல்கலைக்கழக வாள்வீச்சுத் தேர்வில் ஆடவர் அணி, மகளிர் அணி என்று இரண்டாகப் பிரித்தே எடுக்கிறார்கள். அமெரிக்காவில் இரு அணிகளும் சேர்ந்து ஒரே கோப்பைக்கு ஆடுவதாகச் சீனியர் அக்கா ஒருவர் சொன்னார். அப்படியானால் ஆணும் பெண்ணும் மோதுவார்களா? பெண்களுக்கு வாள் வேறா?
– ஒரு கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

பதில்: அக்கா சொன்னது சரிதான், ஆனால் ஆணும் பெண்ணும் நேருக்கு நேர் மோதுவதில்லை. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பு, 1941-இல் ஆடவருக்கும் 1982-இல் மகளிருக்குமாகத் தொடங்கிய தனித்தனிப் பட்டங்களை 1990 முதல் ஒன்றாக இணைத்துவிட்டது. ஃபாயில், எப்பி, சேபர் என்ற மூன்று வாள்களிலும் ஆடவர், மகளிர் என்று ஆறு பிரிவுகள் உண்டு. பிரிவுக்கு இருவர் வீதம் ஒரு பல்கலைக்கழகம் அதிகபட்சம் 12 பேரை அனுப்பலாம். ஒரு பிரிவில் உள்ள 24 பேரும் ஒருவர் விடாமல் தமக்குள் ஐந்து புள்ளி ஆட்டங்கள் ஆடுகிறார்கள். ஆளுக்கு 23 ஆட்டங்கள். அவற்றில் வென்ற ஒவ்வொன்றும் பல்கலைக்கழகத்தின் கணக்கில் ஒரு புள்ளியாக ஏறும்; ஆறு பிரிவுகளையும் கூட்டி அதிகப் புள்ளி பெற்ற பல்கலைக்கழகத்துக்கே கோப்பை.

மகளிர் எப்பியில் பெற்ற வெற்றிக்கும் ஆடவர் சேபரில் பெற்ற வெற்றிக்கும் இந்தக் கணக்கில் ஒரே மதிப்பு என்பதால், ஆடவர் கழித்துப்போட்ட முகமூடிகளையும் மிச்சம் மீதியான பயிற்சி நேரத்தையும் மகளிர் அணிக்கு ஒதுக்கும் பல்கலைக்கழகம் கோப்பையை மறந்துவிட வேண்டியதுதான். நம் ஊர்ப் பல்கலைக்கழகங்களும் இப்படிக் கூட்டிப் பார்த்தால், விளையாட்டுத் துறைகளின் பணம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது ஒரே ஆண்டில் தெரிந்துவிடும் என்பது என் எண்ணம்.

வாளில் வேறுபாடு இல்லை. ஃபாயிலும் சேபரும் 500 கிராமுக்கும், எப்பி 770 கிராமுக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்ற விதி இருபாலருக்கும் பொது. பெண்கள் மார்புக் கவசம் கட்டாயம் அணிய வேண்டும் என்பது மட்டுமே கூடுதல். வாள் ஒன்றாக இருந்தும் வாசல் ஒரே நாளில் திறக்கவில்லை: ஒலிம்பிக்கில் மகளிருக்கு 1924-இல் ஃபாயிலையும், 1996-இல் எப்பியையும், 2004-இல்தான் சேபரையும் அனுமதித்தார்கள்.

கேள்வி: எட்டு வயது முதல் சிலம்பம் பழகிய என் மகள் கல்லூரியில் வாள்வீச்சில் சேர ஆசைப்படுகிறாள். பழகியது உதவுமா, கெடுக்குமா?
– ஒரு தகப்பனார், அம்பாசமுத்திரம்

பதில்: இரண்டும் நடக்கும், ஐயா. எதிராளியின் கோல் எட்டும் தூரத்தைக் கண்ணாலேயே அளக்கும் பழக்கமும் மணிக்கட்டின் வேகமும் அப்படியே பயன்படும். ஆனால் ஆசான் ஆண்டுக்கணக்கில் ஊட்டிய சுழற்சியை மறக்க வேண்டியிருக்கும். வாள்வீச்சுக் களம் 14 மீட்டர் நீளமும் அதிகபட்சம் இரண்டு மீட்டர் அகலமும் கொண்ட ஒரு பட்டை மட்டுமே. அதில் முன்னும் பின்னும் போகலாமே தவிரச் சுற்றி வந்து தாக்க இடமில்லை, எதிராளிக்கு முதுகைக் காட்டித் திரும்பினால் அது குற்றம். வெறுங்கையால் உடலை மறைப்பதும் குற்றமே. முதல் சில மாதங்களுக்கு உங்கள் மகள் நடுவரின் எச்சரிக்கைகளை நிறையவே வாங்குவாள், கவலைப்பட வேண்டாம்.

சேபரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ஃபாயிலிலும் எப்பியிலும் நுனியால் குத்தினால்தான் புள்ளி. சேபரில் அலகால் வெட்டினாலும் புள்ளி உண்டு, இடுப்புக்கு மேலே தலை, மணிக்கட்டு வரையிலான கை உட்பட எங்கும் தாக்கலாம். வீச்சுக்குப் பழகிய கைக்கு அதுவே இயல்பானது. ஒலிம்பிக்கில் வாள் ஏந்திய முதல் இந்தியரான சென்னையின் பவானி தேவியும் சேபர் வீராங்கனையே. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் முதல் ஆட்டத்தை 15–3 என்று வென்று, அடுத்த ஆட்டத்தில் பிரான்சின் மனோன் புரூனேயிடம் 7–15 என்று தோற்றார்; அந்தப் புரூனே வெண்கலத்தோடு ஊர் திரும்பினார்.

கேள்வி: உடம்பில் வாள் பாய்ந்துவிடாதா?
– ஒரு வாசகர், தென்காசி

பதில்: நுனி மழுங்கியது, ஆபத்து வாள் ஒடியும்போதுதான். 1982-இல் ரோம் நகரில் நடந்த உலகப் போட்டியில் எதிராளியின் வாள் ஒடிந்து முகமூடியைத் துளைத்ததில் சோவியத் வீரர் விளாதிமிர் ஸ்மிர்னோவ் உயிரிழந்தார். எளிதில் ஒடியாத எஃகு அலகுகளும் துளைபடாத துணியில் தைத்த சட்டைகளும் அதன் பிறகே கட்டாயமாயின. அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு சித்திரை வெயிலில் பயிற்சி செய்வது தனி வேதனை என்றாலும், கழற்றிவிட்டு ஆடக் கூடாது. வலைக்கம்பி நெளிந்த, துருவேறிய முகமூடியை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.