மக்காச்சோள பீரும் ஒற்றை கிளாஸும்: பெரு நாட்டுக் குடி பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: பெருவில் மக்காச்சோளத்தில் 'சிச்சா' என்று ஒன்று காய்ச்சுகிறார்களாமே? அது பீரா, சாராயமா சார்?

பதில்: பீர்தான். சாராயம் என்றால் ஆவியாக்கி வடித்தெடுக்க வேண்டும், இதில் அந்த வேலையே இல்லை. தானியத்தில் இருப்பது மாவுச்சத்து. அது சர்க்கரையாக மாறினால்தான் புளிக்கும். அதற்குத்தான் முளைகட்டுவது. ஐரோப்பாவில் பார்லியை முளைகட்டுகிறார்கள், ஆண்டிஸ் மலையில் மக்காச்சோளத்தை.

சோளத்தை ஊறவைத்து, ஈரம் போகாமல் மூடி வைத்து, முளை வந்ததும் வெயிலில் காயப்போடுவார்கள். இதற்குப் பெயர் ஹோரா. அதைக் கொரகொரப்பாக அரைத்துப் பெரிய பானையில் மணிக்கணக்கில் கொதிக்கவிட்டு, வடிகட்டி, ஆறியதும் மண்பானையில் ஊற்றி, போன தடவை காய்ச்சிய சிச்சாவின் மண்டியைக் கொஞ்சம் கலப்பார்கள். புளிக்கவைக்கும் ஈஸ்ட் அதில்தான் இருக்கிறது. சில நாளில் நுரை கட்டிவிடும். கலங்கலான மஞ்சள் நிறம், லேசான புளிப்பு, சாதாரணமாக 1 முதல் 3 சதவீதம் ஆல்கஹால். பாட்டில் பீருக்குக் கசப்பு தந்து கெடாமல் காக்கும் ஹாப்ஸ் என்ற பூ இதில் கிடையாது. அதனால் நாள்பட வைத்துக் குடிக்க முடியாது, புளித்துப்போகும்.

கேள்வி: சோளத்தை மென்று துப்பிக் காய்ச்சுவார்கள் என்கிறார்களே, உண்மையா?

பதில்: அந்த முறையும் உண்டு. எச்சிலில் இருக்கும் அமைலேஸ் என்சைம் மாவுச்சத்தை உடைக்கும். முளைகட்டும்போது நடப்பதும் அதுதான். ஆனால் இன்று ஆண்டிஸ் மலை நகரமான கூஸ்கோ பக்கம் கடைகளில் கிடைப்பது ஹோரா சிச்சாதான். அருவருப்படைய வேண்டியதில்லை.

கேள்வி: இது இன்கா காலத்துச் சமாச்சாரமா?

பதில்: அதற்கும் முந்தியது. தெற்கே மொக்கேகுவாவில் செரோ பௌல் என்ற தட்டையான மலையுச்சியில் இன்காக்களுக்கு முந்தைய வாரி பேரரசின் சிச்சா காய்ச்சும் கூடத்தைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். சோளத்தோடு மோயே மரத்தின் மிளகு போன்ற பழங்களையும் போட்டுக் காய்ச்சிய இடம். சுமார் 1,000 ஆண்டுகளுக்கு முன்பு, கடைசியாக ஒரு விருந்து வைத்துவிட்டு, குடித்த கோப்பைகளைத் தீயில் வீசி, கட்டடத்தையே எரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பெண்கள் சால்வையில் குத்தும் ஊசிகள் அங்கே கிடைத்ததால், காய்ச்சியது பெண்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இன்காக்கள் காலத்திலும் அரசுக்காகக் காய்ச்சியவர்கள் அக்யாகுனா எனப்பட்ட தேர்ந்தெடுத்த பெண்கள்தான். இன்றும் கிராமத்துச் சிச்சாக் கடையைப் பெரும்பாலும் ஒரு அம்மாதான் நடத்துவார். இத்தனை நூற்றாண்டாகக் கைமாறி வந்த இந்தத் திறமைக்குத் தொழிற்சாலை பீருக்குக் கிடைக்கும் மரியாதையில் பாதிகூடக் கிடைப்பதில்லை என்பதில் எனக்கு வருத்தமுண்டு.

கேள்வி: பாட்டில் பீர்?

பதில்: பில்சன் கயாவோ என்ற பீர் 1863 முதல் இருக்கிறது. கிறிஸ்தால், கூஸ்கேன்யா, அரெகிபேன்யா எல்லாம் இன்று பாக்குஸ் என்ற ஒரே நிறுவனத்தின் கையில். அதுவும் 2016 முதல் ஏபி இன்பெவ் என்ற பன்னாட்டு பீர் நிறுவனத்தின் வசம். பீர் காய்ச்சும் சிறு ஆலைகளும் வந்துவிட்டன. ஆனால் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் கூஸ்கோவில் தண்ணீர் 90 டிகிரிக்கும் கீழேயே கொதித்துவிடும். ஹாப்ஸின் கசப்பு சுலபத்தில் இறங்காது; கூடுதலாகப் போட வேண்டும், இல்லை அதிக நேரம் கொதிக்கவிட வேண்டும்.

கேள்வி: ஒரே கிளாஸில் எல்லோரும் குடிப்பார்களாமே அண்ணா?

பதில்: ஆமாம், நண்பர்கள் கூடினால் இப்படித்தான். பெரிய பாட்டில் ஒன்று, கிளாஸ் ஒன்று. உங்கள் முறை வந்ததும் உங்களுக்கு ஊற்றிக்கொண்டு பாட்டிலை அடுத்தவரிடம் கொடுத்துவிடுவீர்கள். அவர் பாட்டிலைப் பிடித்தபடி காத்திருப்பார். நீங்கள் குடித்து முடித்து, அடியில் தங்கிய நுரையைத் தரையில் உதறிவிட்டு கிளாஸை அவரிடம் நீட்ட வேண்டும். கிளாஸை வைத்துக்கொண்டு கதையளந்தால் "மைக்கா அது?" என்று கேட்டுவிடுவார்கள். தனித்தனியாக வாங்கி அவரவர் மேசையில் குடிப்பதைவிட இது எனக்கு ஆயிரம் மடங்கு பிடித்த முறை. மலைப்பகுதியில் சிச்சா குடிக்கும்போது முதல் சொட்டுகளை மண்ணில் ஊற்றுவார்கள். அது பச்சமாமாவுக்கு, அதாவது பூமித்தாய்க்கு.

கேள்வி: கூஸ்கோ போகிறேன். சிச்சாக் கடையை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: உருபம்பா பள்ளத்தாக்கில் வாசலில் நீளக் கழி நட்டு, நுனியில் சிவப்புத் துணியோ பிளாஸ்டிக்கோ கட்டியிருந்தால் இன்று சிச்சா தயார் என்று அர்த்தம். ஸ்ட்ராபெரி கலந்த ஃப்ருதியாதா இருந்தால் விடாதீர்கள். ஆனால் மலையேறிய முதல் இரண்டு நாள் எந்த மதுவும் வேண்டாம், உடம்புக்கு உயரம் பழகட்டும். அதுவரை சிச்சா மொராதா கேளுங்கள். ஊதாச் சோளத்தை அன்னாசித் தோல், பட்டை, கிராம்பு போட்டுக் கொதிக்கவைத்தது, ஆல்கஹால் இல்லாதது.