திரிந்த டீயும் தகரப்பாலும்

அன்புள்ள ஐயா,

மசாலா டீ பற்றிய உங்கள் கட்டுரையில் ஏலம், இஞ்சி, பட்டை எல்லாம் வந்தன. இனிப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வெள்ளைச் சீனியை விட்டுப் பழைய முறைக்குத் திரும்பலாம் என்று கருப்பட்டி போட்டு இஞ்சி டீ கொதிக்கவிட்டேன். மூன்று முறையும் பால் திரிந்துவிட்டது. நம் முன்னோர் எப்படித்தான் குடித்தார்கள்? இன்னொன்று. சென்ற மாதம் சிங்கப்பூரில் "சீனி வேண்டாம்" என்று தமிழிலேயே சொல்லி இஞ்சி டீ கேட்டேன். வந்தது பாயசம். எனக்குச் சர்க்கரை வியாதி உண்டு. கடைக்காரர் ஏமாற்றினாரா?

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

கடைக்காரரைத் திட்டாதீர்கள். நீங்கள் சொன்னபடி அவர் சீனி போடவில்லை. அங்கே வெறுமனே "தே" என்றாலே கண்டென்ஸ்டு மில்க் ஊற்றிய டீதான். அந்தப் பாலில் ஏறக்குறைய நூற்றுக்கு 45 பங்கு சர்க்கரை. அடுத்த முறை "தே சி கொசொங்" என்று கேளுங்கள். "சி" என்றால் இனிப்பில்லாமல் சுண்டவைத்த எவாப்பரேட்டட் பால். "கொசொங்" மலாயில் வெறுமை, அதாவது சீனி கிடையாது. இஞ்சி வேண்டுமென்றால் "ஹாலியா" என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்தபோதுதான் ஒன்று பிடிபட்டது. ஓர் ஊரில் டீ எதனால் இனிக்கிறது என்பதை அந்த ஊர்க்காரர்களின் நாக்கை வைத்துச் சொல்லிவிட முடியாது. பால் அங்கே எந்த உருவத்தில் வந்து சேர்ந்தது என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவின் கெய்ல் போர்டன் 1856இல் பாலைச் சுண்டவைத்துக் கண்டென்ஸ்டு மில்க் ஆக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். பிற்பாடு அதில் சர்க்கரை சேர்ந்தது ருசிக்காக அல்ல. பால் கெடாமலிருக்கச் சேர்ந்தது. தேனில் ஊறிய நெல்லிக்காய் கெடாத அதே கணக்கு. வெயில் கொளுத்தும், கறவை மாடு குறைந்த ஊர்களுக்கு அந்தத் தகர டப்பா வரப்பிரசாதம். பாலோடு இனிப்பும் சேர்ந்தே வந்துவிட்டதால் மலேசியாவின் தே தாரிக்கிலும் தாய்லாந்தின் செம்மஞ்சள் டீயிலும் இரண்டையும் பிரிக்க முடிவதில்லை. ஏமனின் ஏடனிலும் வளைகுடாவிலும் வழக்கம் எவாப்பரேட்டட் பால். அதைக் கெடாமல் காப்பது டப்பாவிலேயே ஏற்றும் சூடுதான், சர்க்கரை இல்லை. அதனால் ஏலம், கிராம்போடு சீனியையும் பானையிலேயே போட்டுக் கொதிக்கவிடுகிறார்கள். வளைகுடாவில் இதற்குக் "கரக்" என்று பேர். இந்தியத் தொழிலாளிகள் கொண்டுபோன "கடக்" (ஸ்ட்ராங்கான) சாய்தான் அது.

வடக்கேயும் சீனி பானையில்தான். எல்லோருக்கும் ஒரே இனிப்பு, பேரம் கிடையாது. நம் டீக்கடையில் சீனி தனித்தனியாகக் கிளாஸின் அடியில் விழுகிறது. "அரைச் சீனி", "தூக்கலா" என்றெல்லாம் நாம் அதிகாரம் செய்ய முடிவது அதனால்தான். (இந்த உரிமையின் அருமை ஹரித்துவாரில் நான்கு நாள் இருந்தால் தெரியும்.)

காஷ்மீரில் மட்டும் என் கணக்கு உதைக்கிறது. கறந்த பால் இருந்தும் நூன் சாயில் போடுவது உப்பு. நூன் என்றாலே உப்புதான். பச்சைத் தேயிலையைச் சிட்டிகை சோடாவோடு நெடுநேரம் காய்ச்சி, ஆற்றி, பால் விட்டால் இளஞ்சிவப்பாகும். அதே டீ லாகூருக்கும் கராச்சிக்கும் போனதும் உப்பை உதறிவிட்டுச் சீனியும் பிஸ்தாவும் சேர்த்துக்கொண்டுவிட்டது. காஷ்மீரிகள் இனிப்பாகக் குடிப்பது குங்குமப்பூ போட்ட கஹ்வாவை. அதில் பால் இல்லை.

இனி உங்கள் கருப்பட்டி. நம் முன்னோர் என்கிறீர்கள். டீ நம் வீடுகளுக்குள் பரவலாக நுழைந்ததே இருபதாம் நூற்றாண்டில், தேயிலைக் கம்பெனிகளின் விளம்பரத்தோடு. கருப்பட்டியோடு குடித்ததை எண்ணிப் பாருங்கள்: சுக்குக் காப்பி, கருப்பட்டிக் காப்பி, யாழ்ப்பாணத்தில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கும் வெறும் தேத்தண்ணி. எதிலும் பால் கிடையாது. வெல்லத்திலும் கருப்பட்டியிலும் கொஞ்சம் புளிப்பும் உப்புகளும் மிச்சமிருக்கும். கொதிக்கும் பாலில் அவை பட்டால் திரிவது சகஜம். வங்காளத்தில் பனிக்காலத்தில் ஈச்சம் வெல்லம் போட்டுப் பால் டீ குடிக்கிறார்கள் என்றால், அடுப்பை அணைத்த பிறகு கலக்கிக்கொள்கிறார்கள். நீங்களும் கருப்பட்டியைத் தனியாகக் கரைத்து வடிகட்டிக் கிளாஸில் ஊற்றி, அதன்மேல் கொதி அடங்கிய டீயை விடுங்கள். ஆனால் சர்க்கரை வியாதிக்கு அதில் ஒரு சலுகையும் இல்லை. கருப்பட்டியும் பெரும்பங்கு சர்க்கரைதான்.

மூன்று முறையும் திரிந்தது என்பதால் எனக்கு இஞ்சி மேலும் ஒரு சந்தேகம். பச்சை இஞ்சியில் பாலை உறையவைக்கும் நொதி ஒன்று உண்டு. சீனாவின் குவாங்டாங் பக்கம் சூடான இனிப்புப் பாலில் இஞ்சிச் சாறு விட்டுத் தயிர்போல உறையவைத்தே தின்கிறார்கள். முதலில் தண்ணீரில் நன்றாகக் கொதித்துவிட்டால் அந்த நொதி செத்துவிடும். நீங்கள் இஞ்சியைத் தட்டிப் போட்டது தண்ணீரிலா, பாலிலா?