கல்வட்டம், கோட்டை, பொடிக்கொசு

கேள்வி: ஜூலையில் கிளாஸ்கோவில் இருப்போம். இரண்டு நாளில் ஸ்காட்லாந்துக் கிராமப்புறத்தில் பழமையான இடம் எதைப் பார்க்கலாம்? உடன் 10 வயதுப் பையன் வருவான்.

பதில்: ஆர்கைல் பகுதியின் கில்மார்ட்டின் பள்ளத்தாக்குக்குப் போங்கள். காரில் சுமார் இரண்டரை மணி நேரம். சில மைல் சுற்றளவுக்குள் கல்லறை மேடுகளும் நடுகற்களும் நிறைந்து கிடக்கின்றன. நெதர் லார்ஜி தெற்குக் கல்லறை 5,000 ஆண்டுப் பழமை. குனிந்து உள்ளேயே போகலாம். பையனுக்கு அதுதான் பிடிக்கும். டெம்பிள் வுட் கல்வட்டம் நடக்கும் தூரத்தில்.

அதே பகுதியில் உள்ள டனாட், டால் ரியாட்டா என்ற பழைய அரசின் அரசர்களுடைய பாறைக்கோட்டை. உச்சியில் பாறையில் பாதச்சுவடு. முடிசூடும்போது அரசர் அதில் கால் வைத்தார் என்பார்கள். இப்போது தெரிவது அசலைக் காக்க மேலே பதித்த நகல். ஏற்றம் சிறிதுதான், ஆனால் மழை பெய்தால் பாறை வழுக்கும். செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள ஷூ அவசியம்.

அதே பகுதியின் அக்னபிரெக்கில், பாறையில் வளையங்களாகச் செதுக்கிய பழங்காலச் செதுக்கல்களை நண்பகலில் பார்த்தால் ஏமாற்றமே. வெயில் நேராக விழுவதால் வளையங்கள் தெரியாது. மாலை 7 மணிக்கு மேல் சாய்வெயிலில் தெளியும். சோதனை என்னவென்றால், காற்று ஓய்ந்த அதே நேரத்தில்தான் பொடிக்கொசு கிளம்பும். முழுக்கைச் சட்டையும் முகவலையும் எடுத்துப்போங்கள்.

மறுநாள் கிரினன் கால்வாய். 1801-இல் திறந்தது, 9 மைல், 15 நீர்ப்பூட்டுகள் (படகுகளை ஏற்றி இறக்கும் கதவடைப்புகள்). கரைப்பாதை சமதளம், சைக்கிளுக்கு ஏற்றது.

ஒற்றைத்தடச் சாலைகளில் ஒதுங்கும் இடங்களில் வண்டியை நிறுத்திவைக்காதீர்கள். எதிரே வருபவருக்கு வேறு வழியில்லை.