அதிகம் பேசாதவருக்கு ப்ரமோஷன் கிடையாதா?

கேள்வி: பெங்களூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங்கில் இருக்கிறேன். வேலையில் குறை சொல்ல இடம் வைத்ததில்லை, ஆனால் மீட்டிங்கில் வாய் திறக்க வராது. எனக்குப் பின்னால் சேர்ந்த, நன்றாகப் பேசுகிறவர் லீட் ஆகிவிட்டார். மேனேஜர் "இன்னும் விசிபிலிட்டி வேணும்" என்கிறார். என் சுபாவத்தையே மாற்றிக்கொள்ள வேண்டுமா?
– வாசகி, ஒயிட்ஃபீல்டு

பதில்: வேண்டாம் சகோதரி. உங்கள் ஆதங்கம் நியாயமானதுதான். பேரிக், மவுண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 1991-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, எந்தத் தொழிலாக இருந்தாலும் கைகொடுத்த குணம் பொறுப்புணர்ச்சி. கலகலப்பு உதவியது முக்கியமாக விற்பனையிலும் மேலாளர் வேலையிலும். 2002-ல் டிமோத்தி ஜட்ஜும் சகாக்களும் தலைமை பற்றி இதேபோல் தொகுத்ததில், கலகலப்பானவர்கள் தலைவராகக் கண்ணில் படுவதில் நன்றாக முந்துகிறார்கள், அந்த இடத்துக்கு வந்தபின் திறம்பட நடத்துவதில் அந்த அளவுக்கு முந்துவதில்லை என்று தெரிந்தது. உங்கள் ஆபீசில் நடந்ததும் அநேகமாக இதுதான்.

பெரிய கம்பெனிகள் பலவற்றில் அப்ரைசல் சமயத்தில் மேனேஜர்கள் கூடிப் பேசித்தான் ரேட்டிங்கை முடிவு செய்கிறார்கள், அந்த அறையில் நீங்கள் இருக்கமாட்டீர்கள், உங்களுக்காக உங்கள் மேனேஜர்தான் பேச வேண்டும். "நல்ல பொண்ணு, சொன்னதைச் செய்வாங்க" என்பதை மட்டும் வைத்துக்கொண்டு அவர் என்ன வாதாடுவார்? அதனால் எழுதுங்கள். ஒவ்வொரு ரிலீஸுக்குப் பிறகும் டீமுக்கு மூன்று வரி மெயில் போதும்: "ரீஃபண்ட் இரண்டு முறை போகும் பிழையை ரிலீஸுக்கு முன்பே பிடித்தோம். காரணம் இது. மறுபடி வராமல் இருக்க இந்த டெஸ்ட்டைச் சேர்த்திருக்கிறேன்." இதை யாரும் தம்பட்டம் என்று நினைக்கமாட்டார்கள், அடுத்த முறை அதே கோளாறு வந்தால் தேடி எடுக்கத்தான் உதவும்.

மீட்டிங்கில் ஒரே ஒரு விஷயத்தை முன்கூட்டியே குறித்துவைத்து, ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள், தள்ளிப்போடப் போடத் தயக்கம் கூடும்.

அப்புறம், "விசிபிலிட்டி" என்ற பதிலோடு திரும்பி வராதீர்கள். "லீட் ஆக நான் எதைச் செய்து காட்டணும்?" என்று தனியாகக் கேட்டு, அவர் சொன்னதை அன்றே மெயிலில் போட்டுவையுங்கள். அடுத்த அப்ரைசலிலும் மழுப்பினால் தயங்காமல் வேறு டீம் பாருங்கள். ஆட்களைக் கட்டி மேய்ப்பதே உங்களுக்குப் பிடிக்காது என்றால், லீட் ஆகாமலே தொழில்நுட்பப் பக்கமாக மேலே போகும் வழி உங்கள் கம்பெனியில் இருக்கிறதா என்று ஹெச்ஆரிடம் இப்போதே கேளுங்கள், பல கம்பெனிகளில் அது உண்டு.