லண்டன் கணக்கு பாஸ்டனுக்கு ஆகாது

கேள்வி: காலனி கால அமெரிக்காவில் விற்ற பஞ்சாங்கங்கள் லண்டன் பஞ்சாங்கத்தைக் காப்பியடித்தவைதானே? அதை வானியல் என்று போன இதழில் புகழ்ந்திருக்கிறீர்களே?

பதில்: அப்படியே காப்பியடித்திருந்தால் முதல் மாதமே சாயம் வெளுத்திருக்கும். பாஸ்டன் நேரம் லண்டனுக்குச் சுமார் 4 மணி 44 நிமிடம் பின்னால். பௌர்ணமிக்கும் சந்திர கிரகணத்துக்கும் அதைக் கழித்தால் போதும். சூரிய உதயத்துக்குப் போதாது. லண்டன் இருப்பது 51 டிகிரி அட்சரேகையில், பாஸ்டன் 42-இல். ஜூன் மாதத்தில் லண்டன் பகல் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளம். ஆகவே உதயமும் அஸ்தமனமும் ஊருக்கு ஊர் புதிதாகப் போட வேண்டியவை.

சூரிய கிரகணம்தான் கணிப்பவரைத் திணற வைக்கும். சந்திரன் பக்கத்தில் இருப்பதால், நாம் நிற்கும் இடத்தைப் பொறுத்து வானத்தில் கிட்டத்தட்ட ஒரு டிகிரி வரை தள்ளித் தெரியும். அதன் அகலமே அரை டிகிரிதான்! லண்டனில் சூரியனை மறைக்கிற சந்திரன், பாஸ்டனில் தொடாமலே போய்விடலாம்.

சூரியனும் சந்திரனும் எந்த நாளில் எங்கே இருக்கும் என்று சொல்லும் மூல அட்டவணைகள் ஐரோப்பாவில் தயாரானவை, சரி. மீதி பெரும்பாலும் உள்ளூர்க்காரர்களின் கைக்கணக்கு. 1639-இல் மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜ் அச்சகத்தில் வந்த முதல் பஞ்சாங்கத்தைக் கணித்தவர் வில்லியம் பியர்ஸ் என்ற மாலுமி. டெதாம் ஊரில் வைத்தியமும் பார்த்துச் சத்திரமும் நடத்திய நதானியல் ஏம்ஸ் பல பத்தாண்டுகள் விடாமல் கணித்தார். வானிலை ஜோசியமும், உடலுறுப்புக்கு ஒரு ராசி என்று போட்ட படமும் விற்பனைக்காகச் சேர்த்தவை. அவற்றைக் குறை சொல்லுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.

பஞ்சாங்கம் போட்டது அமெரிக்கச் சுதந்திரத்துக்குப் பிறகுதான் என்றாலும் பெஞ்சமின் பானெக்கரை விட்டுவிட மனம் வரவில்லை. மேரிலாந்தில் புகையிலை பயிரிட்ட கறுப்பின விவசாயி. ஐம்பது வயதுக்கு மேல், பக்கத்து ஆலைக்காரர் ஜார்ஜ் எல்லிகாட் இரவல் தந்த புத்தகங்களை வைத்துத் தானே கற்றார். சந்திரனின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரு புள்ளிகள்தான் ராகுவும் கேதுவும். பௌர்ணமியன்று சூரியன் இவற்றில் ஒன்றிலிருந்து 12 டிகிரிக்குள் இருந்தால் சந்திர கிரகணம் உண்டு என்பது, அவற்றில் ஒன்றான வானியலாளர் ஜேம்ஸ் ஃபெர்குசன் புத்தகத்தின் விதி. பானெக்கர், சூரியன் ராகுவிலிருந்து 11 டிகிரி 46 நிமிடத்தில் (இங்கே நிமிடம் என்பது டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) இருந்த ஒரு பௌர்ணமிக்கு அதே ஃபெர்குசன் முறையில் போட்டுப் பார்த்தார். கிரகணம் வரவில்லை. மகா அறிவாளியும் தவறக்கூடும் என்று தன் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். காப்பியடிக்கிறவர் எழுதும் வரியா இது?

அப்புறம் 1792-ஆம் ஆண்டுப் பஞ்சாங்கத்தைக் கணித்து, அதன் கையெழுத்துப் பிரதியை 1791 ஆகஸ்டில், அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய தாமஸ் ஜெஃபர்சனுக்கு அனுப்பினார். கூடவே ஒரு கடிதம்: எல்லோரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று எழுதிய நீங்களே என் இனத்தாரை அடிமையாக வைத்திருக்கிறீர்களே என்று.